இரண்டு பொய்களும் ஒரு கிணறும்

உக்குவளை
யூன் 9

அன்புள்ள சாம்பவிக்கு,

நஸ்மியா எழுதுகிறேன். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறேன், அந்த மரியாதையாவது கொடுங்கள்.

உக்குவளையில் பஸ் ஏறினால் ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் மாத்தளை வந்துவிடும். அப்படியிருந்தும் கடிதம் எழுதுகிறேன். உங்கள் வாசலில் நான் வந்து நின்றால் அடுத்த நாளே பொலிஸிலிருந்து இரண்டு பேர் வந்து, "அந்த முஸ்லிம் பொம்பிளை எதுக்கு வந்தாங்க?" என்று கேட்பார்கள். போனைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது. மீன் கறிக்கு எவ்வளவு கொறுக்காய் போடுவது என்று நீங்களும் நானும் பேசினதைக்கூடக் கோட்டில் நீதிபதிக்கு முன்னால் சிங்களத்தில் வாசித்தார்களே! கடிதத்தையும் திறப்பார்கள்தான். திறக்கட்டும். என் தமிழ்க் கையெழுத்தை வாசிக்க ஆள் தேடவே அவர்களுக்கு ஒரு மாதம் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லோயர் றிஸ்கான் ஒரு கதை சொன்னார். உங்கள் லோஜன் தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாராம். ஜனாதிபதியைக் கொல்லச் சதி நடந்தது உண்மை, செய்தது சாலிஹ், எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று கையெழுத்து வைப்பாராம். வைத்தால் ஒரு வருஷம் புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. இது மெய்யா?

நடந்தது என்ன என்று உலகத்திலேயே நாலு பேருக்குத்தான் தெரியும். உங்கள் புருஷனும் என் புருஷனும் சிறைக்குள்ளே. மற்ற இரண்டு பேரும் நீங்களும் நானும். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ரத்தோட்டைத் தோட்டத்தில் நாங்கள் கிணறு வெட்டினோம், பாதியில் பாறை வந்தது. தம்பி அப்போது ரிவர்ஸ்டன் ரோட்டை அகலமாக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தார். பாறை உடைக்க அவர்களுக்கு வெடிமருந்து வரும். மிஞ்சினதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு நாலு அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கவேண்டுமே என்று, எல்லாம் வெடித்து முடிந்தது என்று எழுதிவிட்டு, மிஞ்சினதைக் கிணறு வெட்டுகிற யாருக்காவது கொடுத்துவிடுவது அந்த வேலைக்காரர்களின் வழக்கம். ரத்தோட்டைப் பக்கம் பாதிக் கிணறு அப்படி வந்ததுதான். எங்களுக்கும் தம்பி கொடுத்தார். பாறை உடைந்தது, தண்ணீர் வந்தது. அதிலும் மிஞ்சின இரண்டு வெடிக் குச்சியைச் சாலிஹ் பாக்குக் களஞ்சியத்தில் போட்டு வைத்தார்.

அந்த ரோட்டைத் திறந்து வைக்க அந்த நேரத்து ஜனாதிபதி வருவதாக இருந்தது. யாரோ ஒரு மனிதர் டீவியில் வந்து, ஜனாதிபதியைக் கொல்லச் சதி என்று கத்தினார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், குச்சி அகப்பட்டது. தம்பியின் அரசாங்க வேலை போய்விடுமே என்று சாலிஹ், கல் உடைக்கிற ஒருவனிடம் வாங்கினேன் என்றார். இவர் மாட்டிக்கொள்வாரே என்று தம்பி, என் மருந்து எல்லாம் ரோட்டில்தான் வெடித்தது, சாலிஹோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்றார். பழக்கமில்லாத இரண்டு பேரும் தினம் தினம் பேசின போன் கணக்கை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒருவரையொருவர் காப்பாற்றச் சொன்ன இரண்டு பொய்களும் முட்டின இடத்தில்தான் இந்த வழக்கு ஐந்து வருஷமாக நிற்கிறது.

சதிக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றைக்கும் பத்திரிகையில் எழுதுகிறார்கள். பின்னால் இருந்தது ஒரு கிணறு! அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவரைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

நஸ்மியா


மாத்தளை
யூன் 17

நஸ்மியா ராத்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அரச தரப்பு எங்கள் சட்டத்தரணி ஆறுமுகநாதன் ஐயாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் கண்டிக் கோட்டில் வழக்கு எடுக்கும்போது பதில் சொல்லவேண்டும். லோஜன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நான் முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து வைக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வராத கோபமா? குச்சி இரண்டையும் சாலிஹ் நானா அன்றைக்கே ஆற்றில் எறிந்திருந்தால் இந்த வழக்கு இல்லை. ஏன் வைத்தார்? ஐந்து வருஷமாக இதை உங்களிடம் கேட்க நினைத்து, கேட்டால் என் குரல் என்ன ஆகும் என்று தெரியாமல் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பாக்குக்குள்தான் இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை.

மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் என் மேசையைக் களஞ்சிய அறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பொதுமக்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். யாரும் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டேன். வழக்கு முடியட்டும் என்றார்கள். வழக்கு எப்போது முடியும் என்று கேட்டால், அது எங்கள் வேலையில்லை என்றார்கள். அஜிதாவை விட்டு எங்கும் போக முடியவில்லை, இங்கே இருக்கவும் முடியவில்லை. லோஜனைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவள் என் வயிற்றில். தகப்பனைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறாள். போன மாதம் பள்ளியில் அப்பாவை வரையச் சொன்னார்களாம். முகத்துக்கு மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு வந்தாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏன் படத்தக் கெடுத்திருக்கிறா?" என்று கேட்டார். கெடுக்கவில்லை, அவளுக்குத் தெரிந்த அப்பா அப்படித்தான் இருப்பார் என்று சொல்லாமல் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன தடவை கோட்டுப் படியில் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பினேன். உண்மைதான். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னால் அவரைக் கையெழுத்து வைக்கச் சொல்ல முடியாமல் போகும்.

இனி எழுதவேண்டாம்.

சாம்பவி


உக்குவளை
யூன் 25

சாம்பவி,

எழுதவேண்டாம் என்றீர்கள். சாலிஹும் இருபது வருஷமாக என்னைப் பேசவேண்டாம் என்கிறார், நடந்ததா?

குச்சியை ஏன் வைத்தார் என்று கேட்டீர்கள். காட்டுப் பன்றிக்கு. மரவள்ளியைக் கிளறிப் போடுகிற பன்றிக்கு அந்தப் பக்கத்தில் என்ன வைக்கிறார்கள் என்று கச்சேரிக்காரர் உங்களுக்குத் தெரியாதா? கூடாத வேலைதான், சட்டத்துக்கும் பிழை. ஆனால் அதற்காகப் பிடிப்பதென்றால் ரத்தோட்டையில் பாதி ஊர் ஜனாதிபதியைக் கொல்லத்தான் வெளிக்கிட்டிருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை சாலிஹைப் பார்க்கக் கொழும்புச் சிறைக்குப் போனேன். என் கூடப்பிறந்த பவாஸ் காக்கா கூட்டிக்கொண்டு போனார். வலைக்கு அந்தப் பக்கம் இவர். கன்னம் ஒட்டிவிட்டது. தாடி மட்டும்தான் முகம். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "தம்பி எப்படியாம்?" கட்டின பெண்டாட்டி, ராத்திரி சமைத்து, விடிய ரயில் ஏறி வந்து நிற்கிறேன். நான் எப்படி என்று கேட்கவில்லை. எரிச்சலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்பி உங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப் போறார் என்று அந்த வார்த்தையாலேயே சொன்னேன்.

வலையில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "போகட்டும் நஸ்மியா. ஒராள் சரி போகட்டும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கொண்டுபோன சோற்றைக் கொடுக்காமலே வந்துவிட்டேன். ரயிலில் அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் போகட்டும் என்பார், அவர் குணம் அது. நான் அவரில்லை. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். ஷஸ்னாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் தகப்பன் பேரைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். இப்போதாவது, வழக்கு இன்னும் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். தம்பி கையெழுத்து வைத்தால் அந்த வார்த்தையும் போய்விடும்.

நஸ்மியா


மாத்தளை
யூலை 14

நஸ்மியா ராத்தா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது. மன்னியுங்கள்.

பல்லேகலைச் சிறைக்குப் போய் லோஜனைப் பார்த்தேன். சாலிஹ் நானா சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டார். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து தோளில் தட்டும் வரைக்கும் நிமிரவில்லை. போகும்போது திரும்பி, "கையெழுத்து வைக்கிற பேப்பரில என்ன எழுதியிருக்கு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆறுமுகநாதன் ஐயாவிடம் கேட்டு வாசித்தேன்.

கிணற்றில் தண்ணீர் வந்த அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் உங்கள் தோட்டத்தில் இருந்தோமே, அந்த நாளைத்தான் எழுதியிருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கு அவித்தீர்கள், வெங்காயச் சம்பல் இடித்தேன். அன்றைக்குச் சாலிஹ் நானா கிணற்றடியில் வைத்து, ரோட்டுத் திறக்கிற நாளில் ஜனாதிபதியை முடிக்கப் போகிறேன் என்று லோஜனிடம் சொன்னாராம். அதைக் கேட்டு லோஜன் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தாராம். இதைத்தான் அவர் கோட்டில் தன் வாயால் சொல்லவேண்டும். கிழங்கைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். யாரோ அந்தத் தோட்டத்துக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனமாதிரி இருந்தது.

ராத்தா, ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் என்னைச் சபித்தாலும் பரவாயில்லை. அதை வாசித்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. சாப்பிட்டு முடிந்து அவர்கள் இரண்டு பேரும் மிளகுக் கொடி பார்க்க மேலே ஏறிப் போனார்கள், வெகு நேரம் வரவில்லை. அங்கே என்ன பேசினார்கள்? ஐந்து வருஷமாக எல்லாரும் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால், பதில் தெரிந்தவளுக்கும் மறந்துபோகிறது. டீவியில் கத்தின மனிதர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இதை விசாரிக்க வைத்த ஆணைக்குழு எழுதின அறிக்கையை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒன்றுமே இல்லாமலா இத்தனை பேர் இத்தனை வருஷம் மினக்கெடுவார்கள் என்று மனசு கேட்கிறது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

உங்களுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லையா?

சாம்பவி


உக்குவளை
யூலை 22

சாம்பவி,

வந்தது.

முதல் வருஷம். வீட்டைக் கிண்டிக் கிளறிவிட்டுப் போயிருந்தார்கள். அயலில் யாரும் முகம் பார்க்கவில்லை. பள்ளிவாசலில் இருந்து ஒருவர் வந்து, "உண்மையச் சொல்லுங்க, நாங்களும் ஒரு முடிவெடுக்கணும்" என்றார். அடுத்த தடவை இவரைப் பார்க்கப் போனபோது கேட்டேவிட்டேன். "நீங்க அப்படி ஏதாச்சும் நெனச்சீங்களா?" என்று கேட்டேன். கேட்ட வாயைத் தைக்கவேண்டும்.

இவர் கோபப்படவில்லை. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷனக் கொன்னா பாக்கு வெல ஏறுமா நஸ்மியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் வலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம், காவலர் வந்து விரட்டினார். அன்றையிலிருந்து எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர்கள் மேலே ஏறிப்போய் என்ன பேசினார்கள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் வயிற்றில் பிள்ளை என்று தம்பி இவரிடம்தான் முதலில் சொன்னார். இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்களாமே? மனிதருக்கு அடக்கிவைக்க முடியவில்லை. இவர் அன்றைக்கே என் காதில் போட்டார். உங்களுக்கு முன்னால் தெரியாதமாதிரி நடித்தேன். அஜிதாவைப் பற்றித்தான் அவர்கள் அங்கே பேசினார்கள், ஜனாதிபதியைப் பற்றியில்லை.

கொல்லப் பார்த்ததாகச் சொல்கிற மனிதர் பதவியும் முடிந்து, பென்ஷனும் எடுத்துக்கொண்டு நல்ல சுகமாக இருக்கிறார். ஹயாத்தோடு, நீண்ட ஆயுசோடு இருக்கட்டும், எனக்கு அவரில் ஒரு கோபமும் இல்லை.

உங்களில் இருந்த கோபமும் குறைந்துவிட்டது. சந்தேகத்தை ஒளிக்காமல் எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான். இனி, வைக்கவேண்டாம் என்று நான் கேட்கமாட்டேன். உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள்.

நஸ்மியா


மாத்தளை
ஓகஸ்ட் 15

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நின்று என் பிள்ளையைப் பற்றிப் பேசின மனிதரை, கொலைகாரன் என்று அந்தப் பிள்ளையின் தகப்பன் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு வந்து அவளைத் தூக்கவேண்டும். எப்படித் தூக்குவார்?

நேற்றுப் பல்லேகலைக்குப் போய், வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லோஜன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நான் அதைச் சொல்லமாட்டேனா என்று இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். உண்மையைச் சொல்லப் போகிறோம். மருந்து ரோட்டு வேலையில் மிஞ்சினது, அதைக் கொடுத்தது லோஜன், கிணற்றுக்காகத்தான் கொடுத்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வேன், அன்றைக்கு அங்கே இருந்தவள் நான். போய்ப் பார்க்கட்டும், வெடி வைக்கத் துளை போட்ட தடம் இன்றைக்கும் அந்தப் பாறையில் இருக்கும். ஐந்து வருஷத்தில் ஒரு அதிகாரியாவது அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாரா? அரசாங்க மருந்தைக் கொடுத்ததற்கு லோஜனுக்குத் தண்டனை வரும், வேலை போகும். தெரிந்தும் மறைத்ததற்கு என் வேலையும் போகலாம். போகட்டும். அந்தத் தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு. ஆறுமுகநாதன் ஐயா தலையில் கை வைத்தார். பிறகு, "செய்து பாப்பம் பிள்ளை" என்றார்.

ராத்தா, ஒரே ஒரு வேண்டுகோள். இதைச் சாலிஹ் நானாவிடம் சொல்லுங்கள். 26ஆம் திகதி அவர் கோட்டில் ஒன்றும் பேசவேண்டாம், குற்றவாளியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கட்டும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

உங்கள்
சாம்பவி


உக்குவளை
ஓகஸ்ட் 16

அன்புள்ள சாம்பவி,

உங்கள் பதில் வரட்டும் என்று பார்த்தேன், வரவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறீர்கள் போல. கவலைப்படவேண்டாம். நீங்கள் எதுவும் எழுதத் தேவையில்லாமல் நாங்கள் ஒரு வழி பார்த்துவிட்டோம்.

சாலிஹுக்கு ஈரலில் கட்டியாம். சிறை வைத்தியர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். முற்றிவிட்டதாம். இதை அவர் எனக்குச் சொன்னபோது, கடையில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிறமாதிரிச் சொன்னார். வழக்கு முடிந்து அவர் வீட்டுக்கு வருவார் என்று நான் வைத்திருந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, சாம்பவி.

அழுது முடிந்த பிறகு நான்தான் அவரிடம் சொன்னேன். நீங்க எழும்பி, எல்லாம் நான்தான், தம்பிக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லுங்க. தம்பி போகட்டும் என்றேன். அவர் முகம் விரிந்தது. அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தவர்போல. றிஸ்கானிடம் சொல்லவேண்டாம், அவர் தடுப்பார் என்றார். நான் கோட்டுக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார், அதைச் சொல்லும்போது நான் பார்க்கக் கூடாதாம்.

தம்பி தன் வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கையெழுத்தும் தேவையில்லை. சுத்தமாக வெளியே வரட்டும். வந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுங்கள். இங்கே இருக்கவேண்டாம்.

நஸ்மியா


மாத்தளை
ஓகஸ்ட் 29

ராத்தா,

வேலைநிறுத்தம் முடிந்து உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. என் கடிதமும் உங்களுக்கு நேற்றுத்தான் வந்திருக்கும். பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய இரண்டு கடிதமும் ஒரே மூட்டைக்குள் கிடந்திருக்கின்றன. ஒரு போன் எடுத்திருந்தால்! பயத்தில் அதைக்கூடத் தொடாமல் இருந்தோமே, பாவிகள்.

நீங்கள் கோட்டுக்கு வரவில்லை. நடந்ததை நான்தான் சொல்லவேண்டும்.

முதலில் லோஜனிடம் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார். சத்தமாகச் சொன்னார், எனக்குப் பெருமையாக இருந்தது. சாலிஹ் நானா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், ராத்தா. பேசவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறமாதிரித் தலையை ஆட்டினார். ஐந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேச முடிந்தது கூண்டுக்குள் நின்று அந்தத் தலையாட்டல் ஒன்றுதான். லோஜனுக்கு விளங்கவில்லை. எங்கள் முடிவை நானாவிடம் சொல்லியாயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நானா எழும்பினார். றிஸ்கான் கையைப் பிடித்து இழுத்தார், கேட்கவில்லை. "நான்தான் செய்ய நெனச்சேன். தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார். நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டு, யாரோடு சேர்ந்து என்று கேட்டார். தனியாக என்றார் நானா. வழக்கு சதி வழக்கு, சதியென்றால் இரண்டு பேர் வேண்டும், தனியாகச் செய்தேன் என்று சொல்வதை நான் ஏற்க முடியாது, யாரோடு என்று திரும்பவும் கேட்டார். நானா கோட்டு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், யாராவது ஒரு ஆள் அகப்படமாட்டானா என்று தேடுகிறமாதிரி. அப்படியென்றால் மருந்து எங்கே கிடைத்தது என்று அரச தரப்புக் கேட்டது. தம்பியுடைய வேலைத்தலத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்றுவிட்டார். அவரைக் காப்பாற்றத்தான். ஆனால் மருந்து முழுவதும் ரோட்டில் வெடித்தது என்று லோஜன் எழுதிக் கொடுத்தது பொய் என்று அந்த ஒரு பேச்சில் கோட்டுக்கு ஒப்புவித்துவிட்டார்.

லோஜனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன புனர்வாழ்வை அரச தரப்பு அந்த இடத்திலேயே திருப்பி எடுத்துவிட்டது. நானா செய்ய நினைத்ததாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், மருந்து எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டார். சதிக்கு இரண்டாவது ஆள் லோஜன்தான் என்று, இனி வழக்கு அவர்மேல்தான். செப்டெம்பர் 9ஆம் திகதி சாட்சி விசாரணை.

உண்மையைச் சொல்லக் கூண்டில் ஏறுவேன் என்று எழுதினேன். இனி எப்படி ஏறுவது? நான் கிணற்றைச் சொன்னால், உங்கள் புருஷன் கோட்டில் பொய் சொன்னார் என்று ஆகும். சாகக் கிடக்கிற மனிதரைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் லோஜன் முடிந்தார். இந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ராத்தா.

சாம்பவி


உக்குவளை
செப்டெம்பர் 5

சாம்பவி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பவாஸ் காக்கா கச்சேரிக்கே கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க உங்கள் கையில் தருவார். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

புதன்கிழமை சாலிஹைப் பார்த்தேன். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்திருக்கிறார்கள், காலில் சங்கிலி. அந்தக் காலால் எங்கே ஓடுவார் என்று நினைத்தார்களோ. உங்கள் இரண்டு கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சின்னப் பிள்ளை கேட்கிறமாதிரி, "நான் திரும்பவும் பிழை விட்டுட்டேனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, ஆமாம் என்றேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து விட்டோம் என்றேன். அழுதார். நானும் அழுதேன். கட்டில் பக்கத்தில் நின்ற சிங்களக் காவலர், பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லது செய்கிறோம் என்று நினைத்து இந்த இரண்டு ஆம்பிளைகளும் சொன்ன பொய் போதும். நான் சொல்லிக் கொடுத்த பொய்யும் போதும். அவர் இருக்கப் போவது கொஞ்சக் காலம். அந்தக் கொஞ்சக் காலமும் ஜனாதிபதியைக் கொல்லப் பார்த்தவனாக இருக்கவேண்டாம், பன்றிக்கு வெடி வைத்திருந்த பாக்கு வியாபாரியாக மவுத்தாகட்டும். அதைத்தான் அவரிடம் சொன்னேன். "சாம்பவிய பயப்படாமச் சொல்லச் சொல்லு" என்றார்.

ஆகையால் ஏறுங்கள். ஏறி, சாலிஹ் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். லோஜன் சொன்னதும் பொய் என்று சொல்லுங்கள். நீங்கள் இறங்கினதும் நான் ஏறுவேன். றிஸ்கானிடம் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினார். பிறகு, நீதிபதி நம்புவாரோ தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. இரண்டு பொம்பிளைகளும் கடிதம் எழுதிப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அரச தரப்பு சொல்லும், கடிதங்களைக் கேட்கும். கேட்டால் கொடுத்துவிடுவோம், கொறுக்காயிலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கட்டும். அதற்காக எங்களையும் உள்ளே போட்டால், போடட்டும். ஷஸ்னாவும் அஜிதாவும் பவாஸ் காக்கா வீட்டில் இருப்பார்கள். அவருக்கும் சொல்லியாயிற்று.

9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலைக் கண்டி ரயிலில் நீங்கள் மாத்தளையில் ஏறுங்கள். நான் உக்குவளையில் ஏறுவேன். கூட்டமாக இருக்கும். பக்கத்தில் எனக்கு ஒரு இடம் பிடித்து வையுங்கள்.

உங்கள் ராத்தா
நஸ்மியா